போதாத வெளிச்சம்

என் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கைப் பற்றிச் சின்னமனூரில் இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. கண்ணைக் கூசுகிறது என்பது ஊராருடையது. வெளிச்சம் போதவே இல்லை என்பது என்னுடையது. ஊர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக எட்டு மாதம் சண்டை போட்டோம். கடைசியில் ஊரார் சொன்னதுதான் சரி என்று ஆனது. ஒரு வழக்கில் தோற்றுவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

முப்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. யுத்தம் இன்னும் வரவில்லை, பெட்ரோல் கேட்டால் கிடைத்தது. அதற்கு முன் நான் மேகமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ரைட்டர் வேலை பார்த்தேன். காலையில் ஆள்களுக்குப் பேர் போடுவது, மாலையில் கொழுந்து நிறுப்பது, நடுவில் துரையிடம் திட்டு வாங்குவது. துரை சீமைக்குப் புறப்பட்டபோது தன் மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்ற மனமில்லாமல் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். திட்டியதற்கெல்லாம் அதுதான் ஈடு என்று நினைத்துக்கொண்டேன். அதே மாதம் மஞ்சள் காமாலையும் வந்தது. வண்டியையும் காமாலையையும் சேர்த்துக்கொண்டு மலையிறங்கி, சின்னமனூரில் ஒரு வாடகை சைக்கிள் கடை வைத்தேன்.

காமாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தோட்டத்தில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த கிளார்க்குக்கு எனக்கு முன்பே அது வந்தது. தேறினார். ஒரு கல்யாண வீட்டில் ஆசையாகச் சாப்பிட்டார். மறுபடி படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போன நாலு பேரில் நானும் ஒருவன். அவருடைய முகத்தின் நிறம் எனக்கு மறக்கவே இல்லை. ஆகவே எனக்கு வந்தபோது, சின்னமனூர் வைத்தியர் சொன்ன பத்தியத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து, ஒரு மண்டலத்துக்கு எண்ணெய், நெய், பால், முட்டை, கறி, மீன் எதுவும் கூடாது என்றார். கீரை வயிற்றுக்குக் கனம், அதுவும் கூடாது. மஞ்சளாக இருக்கிற எதுவும் ஆகாது என்று பரங்கிக்காய், பப்பாளி, மாம்பழத்தையும் விலக்கினார். மிச்சம் இருந்தது சோறு, மிளகு ரசம், வெண்ணெய் எடுத்த மோர், சுட்ட அப்பளம். நாற்பத்தெட்டு நாள் முடிந்ததும் வைத்தியரே, “போதும்ப்பா, இனி எல்லாத்தையும் தின்னு” என்று சொல்லிவிட்டார். நான்தான் விடவில்லை. ஒன்றரை வருஷம் ஆகியும் ரசமும் அப்பளமும்தான். யாராவது இலையில் ஒரு சொட்டு நெய் விட்டுவிட்டால் கல்யாணப் பந்தியிலிருந்துகூட எழுந்து வந்துவிடுவேன். தெரிந்தவர்கள் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

என் மனைவி ஜில்லா போர்டு நடத்திய லோக்கல் பண்டு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற மிட்வைஃப். மதுரையில் படித்துத் தேறி வந்தவள். ஊரில் எல்லாருக்கும் அவள் நர்ஸம்மா, நான் நர்ஸம்மா வீட்டுக்காரர். என் பத்தியத்தைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஒரு முட்டையாச்சும் தின்னுங்க, ஒடம்பு என்னத்துக்கு ஆகும்” என்பாள். “ஒனக்குப் பிரசவம் தெரியும், காமாலை தெரியுமா?” என்று நான் அவள் வாயை அடைத்துவிடுவேன். ஒரு தடவை ரசத்தில் எனக்குத் தெரியாமல் நெய் விட்டாள். மோந்து பார்த்தே கண்டுபிடித்து, இரண்டு நாள் பட்டினி கிடந்தேன். அதன் பிறகு அவள் என் சோற்று விஷயத்தைக் கைகழுவிவிட்டாள். படித்தவள் பேச்சைக் கேட்காத மடையன் என்று இப்போது எழுதிக்கொள்கிறேன். அப்போது யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

அவளுடைய வேலைக்கு மோட்டார் சைக்கிள் வந்த கதை சந்தோஷமான கதை அல்ல. அதற்கு முன்னெல்லாம் பிரசவத்துக்குக் கூப்பிட வருகிறவர்கள் மாட்டு வண்டி கொண்டு வருவார்கள். ஒரு தடவை சாரல் மழையில், பாதி வழியில் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. அவள் நடந்தே போய்ச் சேர்ந்தபோது பிள்ளை போய்விட்டிருந்தது. தாய் பிழைத்தாள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் என்னோடுகூட அவள் பேசவில்லை. நாலாம் நாள், “ஒங்க மோட்டார்ல என்னயக் கொண்டுபோய் விடுவீகளா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவது என் வேலை. பொம்பளை மோட்டாரில் போகிறாளே என்று பேசியவர்கள், அவரவர் வீட்டில் வலி வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு மணி நேரம் பிடித்த தூரத்தை நான் கால் மணியில் கடந்தேன். அந்த இரண்டு மணிக்கும் கால் மணிக்கும் நடுவில்தான் சில பிள்ளைகள் உயிரோடு இருந்தன. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பிள்ளைகள் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் பிறக்கும் என்று நான் அடித்துச் சொல்வேன். அவள் அப்படியெல்லாம் இல்லை என்பாள். எப்படியோ எங்கள் சவாரி முக்கால்வாசி இருட்டில்தான்.

அந்த வருஷம் ஆடியில் முதல் சந்தேகம் வந்தது. வீரபாண்டியிலிருந்து திரும்பி வரும்போது ரோட்டின் ஓரம் எது, வாய்க்கால் எது என்று பிடிபடவில்லை. சாரலில் கண்ணாடி மங்கியிருக்கும் என்று துடைத்தேன். ஆவணியில் சாரல் நின்ற பிறகும் அப்படியே இருந்தது. சரி, விளக்குத்தான் கெட்டுவிட்டது என்று தீர்மானித்து வேலையில் இறங்கினேன். சைக்கிள் கடைக்காரன் ஒரு பொருள் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றால் அதைக் கழற்றாமல் விடமாட்டான்.

முதலில் ஒயர்களைப் பார்த்தேன். வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஒயரை முறுக்கியிருந்த இடத்தில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி இறுக்கினேன். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மதுரையிலிருந்து பெரிய பல்பு வரவழைத்து மாட்டினேன். பல்பைத் தாங்குகிற பிடியை முன்னும் பின்னும் நகர்த்தி, சுவரில் வெளிச்சம் ஒரே இடத்தில் குவியும்படி வைத்தேன். கடைசியாக உள்ளே இருந்த வெள்ளிப்பூச்சுக் கிண்ணம். வெளிச்சத்தை முன்னால் தள்ளுவது அதுதான். மங்கிப் பழுப்பேறிக் கிடந்தது. வீட்டில் வெள்ளிக் குங்குமச்சிமிழை எப்படித் துலக்குவோமோ அப்படித் துலக்கினேன். திருநீற்றை மெல்லிய துணியில் தொட்டு, அழுத்தாமல், சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க அந்த வேலை. முடிந்தபோது அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த வேலையில் ஒரு குற்றம் கிடையாது.

விளைவு உடனே தெரிந்தது. எதிரே வந்த வண்டிக்காரர்கள் என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். “யோவ், லைட்ட எறக்குய்யா, மாடு மெரளுதுல்ல” என்று ஒருவர். கம்பம் பஸ் டிரைவர் ஒருநாள் வண்டியை நிறுத்தி இறங்கியே வந்துவிட்டார். “எதுக்க வாரவன் கண்ணெல்லாம் அவியணும்னு ஏதாச்சும் வேண்டுதலா ஒமக்கு?” என்றார். நான் அவரை முறைத்தேன். கேலி பண்ணுகிறார் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் கருப்பட்டித் தண்ணீர் போல ஏதோ ஒரு வெளிச்சம் பத்தடி தூரம் கிடந்தது. அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. இதற்கா கண் அவியும்?

கார்த்திகையில் வண்டியைத் தேனிக்குக் கொண்டு போனேன். அல்லிநகரத்துப் பக்கம் பஸ்களுக்கு வேலை பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருந்தார். மலையாளக் கரையில் தொழில் கற்றவர், கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். அதற்குள் நான் மூன்று தடவை போயிருந்தேன். “என்னண்ணே, மறுபடியுமா?” என்றார். டைனமோவைப் பிரித்துப் பார்த்தார், மாட்டினார். பொழுது இறங்கிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு எதிர்ச் சுவரில் விளக்கை அடித்தார். “அண்ணே, இதுக்கு மேல வெளிச்சம் வேணும்னா சூரியனத்தான் புடிச்சுக் கட்டணும். நம்மால ஆகாது.” சொல்லிக்கொண்டே விளக்கை அணைத்துவிட்டு மூடியைத் திருகினார். ஒரு மரையாணி நழுவிக் கீழே விழுந்தது. சத்தம் என் காலடியில் கேட்டது. குனிந்து தேடினேன். தரை முழுக்க ஒரே கருப்பு. கையால் துழாவினேன். “அந்தா, ஒங்க பெருவிரலுக்குப் பக்கத்துல” என்றார், நாலடி தள்ளி நின்றபடியே. அவரே வந்து எடுத்துக்கொண்டார்.

அவருக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். விளக்கு நன்றாகத்தான் இருக்கிறது. போய்க்கொண்டிருப்பது என் கண்.

அன்றைக்குத் தேனியிலிருந்து திரும்பவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி மெக்கானிக்கின் ஷெட்டிலேயே படுத்து, விடிந்த பிறகு வந்தேன். பகலில் எல்லாம் சுத்தமாகத் தெரிந்தது, சைக்கிள் செயினில் ஒவ்வொரு கண்ணியும். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இப்போது ராத்திரி போயிருக்கிறது, அடுத்து சாயங்காலம், அப்புறம் பகல் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். கண் போனால் வண்டி போயிற்று. வண்டி போனால் அவள் மறுபடி மாட்டு வண்டியில் ஏறவேண்டும். முப்பத்தைந்து வயதில் ஒரு குருடனை உட்காரவைத்துச் சோறு போட்டுக்கொண்டு அவள் ஊர் ஊராக வண்டியில் போவதை நினைத்துப் பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே கோழைகள் செய்கிறதைச் செய்தேன். விளக்கை இன்னும் பிரகாசமாக்கினேன். வெளிச்சம் மட்டும் போதுமான அளவு இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. கடையில் ராத்திரி வாடகைக்குப் போகும் சைக்கிள்களுக்கென்று கார்பைடு விளக்குகள் வைத்திருந்தேன். கல்லின்மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட வாயு கிளம்பி எரிகிற விளக்கு. அதில் பெரியதாக ஒன்றை எடுத்து ஹேண்டில்பாரில் கட்டினேன். இப்போது வண்டிக்கு இரண்டு விளக்கு. பூண்டு அழுகியது போல ஒரு நாற்றம் எங்களோடு ஊர் ஊராக வந்தது. “எதுக்கு இது?” என்றாள் மனைவி. “வெளிச்சம் பத்தல” என்றேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினாள். வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு நான் எழுந்து நடமாடுவதில்லை. அலுப்பு என்பேன். கட்டில் காலில் இடித்துக்கொண்டால் கட்டிலைத் திட்டுவேன். வண்டியை ரோட்டுப் பழக்கத்தில் ஓட்டினேன். இந்தப் புளியமரம் தாண்டினால் வளைவு, இந்த மதகு தாண்டினால் ஏற்றம் என்று மனப்பாடம். ரோட்டில் புதிதாக எதுவும் இல்லாத வரைக்கும் அது போதுமாக இருந்தது.

பங்குனியில் ஒருநாள் சாயங்காலம் கம்பத்திலிருந்து வந்த பஸ் கண்டக்டர் கடையில் வந்து சொல்லிவிட்டுப் போனார். காமயகவுண்டன்பட்டியில் ஒருத்திக்கு வலி எடுத்துவிட்டது. முதல் பிரசவத்தில் மிகவும் சிரமப்பட்டவள், நர்ஸம்மா வந்தால் ஒழிய யாரையும் தொடவிட மாட்டேன் என்கிறாளாம். மனைவி பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறினாள். உத்தமபாளையம் தாண்டும்போது பொழுது நன்றாக இறங்கிவிட்டது.

அறுப்புக் காலம். வைக்கோல் ஏற்றிய வண்டி ஒன்று அச்சு முறிந்து ரோட்டிலேயே நின்றிருந்தது. மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வண்டிக்காரன் ஆள் கூட்டிவரப் போயிருக்கிறான். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தோளை யாரோ பிய்த்து எடுப்பது போல இறுக்கியதும், “ஏங்க, வண்டி நிக்கிது, வண்டி... நிப்பாட்டுங்க” என்ற குரலும்தான். பிரேக்கை மிதித்தேன். சக்கரம் சறுக்கிக்கொண்டே போய் வைக்கோலுக்குள் முட்டி நின்றது. வெறும் வண்டியாக இருந்திருந்தால் அதன் பின்சட்டம் என் நெஞ்சில் ஏறியிருக்கும்.

கார்பைடு விளக்கின் கண்ணாடி உடைந்து, தீ நாக்கு வைக்கோலை நக்க ஆரம்பித்தது. நான் மரம் போல உட்கார்ந்திருந்தேன். அவள்தான் குதித்து இறங்கி, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு விளக்கைக் கட்டோடு பிடுங்கி வாய்க்காலில் எறிந்தாள். பிறகு ரோட்டு மண்ணை வாரி வாரி வைக்கோலில் போட்டாள். தீ அடங்கியது. வாய்க்காலுக்குள் விழுந்த பிறகும் அந்தச் சனியன் கொஞ்ச நேரம் குமிழி விட்டு நாறிக்கொண்டிருந்தது.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். மோட்டார் சைக்கிளின் விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

“மதகத் தாண்டுனப்பவே எனக்கு அந்த வண்டி தெரிஞ்சிருச்சு. இப்ப ஒதுங்குவீக, இப்ப ஒதுங்குவீகன்னு பாத்துக்கிட்டே வந்தேன்.”

“வெளிச்சம் பத்தல.”

“எனக்கும் இதே வெளிச்சந்தான.”

அவள் கிட்டே வந்து, சின்னப் பிள்ளையிடம் கேட்பது போல மெதுவாகக் கேட்டாள்.

“எத்தன நாளா இப்பிடி?”

“ஆடியிலருந்து.”

“பகல்ல?”

“பகல்ல ஊசியில நூல் கோப்பேன்.”

“பொழுது எறங்குனா போயிருது, விடிஞ்சா வந்துருதா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவளுக்கு அது தெரிந்தது. எனக்கு அவள் முகம் தெரியவில்லை. பிறகு ஒரு சத்தம் கேட்டது, அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறாள். ரோட்டோரத்து மைல் கல்லில் உட்கார்ந்துவிட்டாள் போல, சிரிப்பு அங்கிருந்து வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குருடாகப் போகிறவனைப் பார்த்து எந்தப் பெண்டாட்டியாவது சிரிப்பாளா?

“மாலக்கண்ணுங்க இது” என்றாள். “புள்ளத்தாச்சிகளுக்கு வாரது. வாரத்துக்கு ரெண்டு பேரு வருவாளுக, மீனெண்ணயக் குடுத்து அனுப்புவேன். பெத்துப் பொழைக்கிறவளுக்கு வாரது, ஆம்பள ஒங்களுக்கு வந்திருக்கு.”

“குருடாயிர மாட்டனா?”

“இந்த ரசத்தயும் அப்பளத்தயும் கட்டிக்கிட்டு அழுதீகன்னா நெசமாவே ஆவீக. ஈரலயும் கீரையயும் தின்னீகன்னா ஒண்ணும் ஆகாது. பத்துப் பதினஞ்சு நாள்.”

பத்துப் பதினைந்து நாள். வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமே இல்லாமல், மூக்கு ஒழுக அழுதேன். கார்த்திகையிலிருந்து நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் ஒரு ஸ்பூன் மீனெண்ணெயில் தீர்கிற பாரம் என்று யார் கண்டது? சிரித்துக்கொண்டிருந்தவள் அதற்குள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். இப்போது கோபம் அவள் முறை. சொல்லாமல் மறைத்ததற்குத் திட்டினாள், பத்தியத்துக்குத் திட்டினாள், அந்த நாற்றமெடுத்த விளக்குக்கும் தனியாகத் திட்டினாள். கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டு, “ஊருக்கெல்லாம் கேக்குறேன், பொழுது எறங்குனா கண்ணு தெரியுதான்னு. வீட்டுல இருக்க ஆளக் கேக்கத் தோணலையே எனக்கு” என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். “எந்திரிங்க. அங்கன ஒருத்தி வலியில கெடக்கா.”

மிச்ச தூரம் ஒரு புது மாதிரி ஓட்டினோம். என் இரண்டு தோளிலும் அவள் கை. இடது தோளை அழுத்தினால் இடது பக்கம், வலது தோளை அழுத்தினால் வலது பக்கம், இரண்டையும் அழுத்தினால் நிறுத்தவேண்டும். நடக்கிற வேகம்தான். ஆனாலும் கார்த்திகைக்குப் பிறகு நான் பயமில்லாமல் ஓட்டிய முதல் சவாரி அது. ஒன்றும் தெரியாதவன் என்று இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டால் எவ்வளவு லேசாகிவிடுகிறது. போய்ச் சேர்ந்தபோது பனிக்குடம் உடைந்திருந்தது. அவள் உள்ளே போன அரைமணியில் பிள்ளை சத்தம் கேட்டது. ஆண் பிள்ளை. வெளியே தென்னைமரத்தடியில் உட்கார்ந்து, அந்தச் சத்தத்தை இருட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். தாயும் சுகம் என்று யாரோ வந்து சொன்னார்கள். யார் என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விடிந்த பிறகுதான் கிளம்பினோம். உத்தமபாளையத்தில் கறிக்கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஆட்டு ஈரல் வாங்கி இலையில் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மிளகு போட்டு, நல்லெண்ணெயில் வதக்கி என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் முருங்கைக்கீரை. அதன் மேல் ஒரு கரண்டி நெய். ஒன்றரை வருஷத்துப் பத்தியத்தை ஒரே வேளையில் உடைக்கப் போகிறாள் என்று புரிந்தது.

செத்துப்போன கிளார்க்கின் முகம் வந்து நின்றது. “அவரு எதத் தின்னு செத்தாரோ எனக்குத் தெரியாது” என்றாள், நான் எதுவும் சொல்லாமலே. “ஆனா நீங்க பயத்தத் தின்னே குருடாகப் பாத்தீக. வாயத் தொறங்க.” அவளே ஒரு வாய் எடுத்து ஊட்டிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். இவ்வளவு ருசியான ஒரு பொருளை உலகத்தில் விட்டுவைத்திருந்தேனே என்று தோன்றியது. அன்றைக்கு மூன்று தட்டு சோறு சாப்பிட்டேன். மறுநாள் விடிந்ததும் கண்ணாடியில் போய் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. அதற்கு அடுத்த நாளும் வெள்ளை. ஒரு வாரம் பார்த்துவிட்டு நிறுத்தினேன். காமாலை எப்போதோ போய்விட்டது, அதை நான்தான் வீட்டில் வைத்திருந்தேன்.

மீனெண்ணெயின் நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. கார்பைடு விளக்கு பரவாயில்லை என்று ஆகிவிட்டது. ஆறாம் நாள் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுத் திரும்பியவன், எதிர்ச் சாரியில் ஓட்டின்மேல் ஒரு பூனை நடந்து போவதைப் பார்த்தேன். சாம்பல் நிறப் பூனை. மங்கலில் சாம்பல் நிறப் பூனை. ரோட்டின் நடுவில் நின்று அது மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கிண்டினாள்.

அதன் பிறகு என் விளக்கு எனக்கே கண்ணைக் கூசியது. பெரிய பல்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய பல்பையே போட்டேன். கம்பம் பஸ் டிரைவர் என்னைக் கண்டதும் ஹாரனை ஒரு தடவை அழுத்தி, கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

சித்திரையில் கூடலூர்ப் பக்கம் ஒரு பிரசவம். இரட்டைப் பிள்ளை, இரண்டு நாள் இழுத்துவிட்டது. அவள் கண்ணை மூடவே இல்லை. மூன்று உயிரும் பிழைத்தது. விடிய இன்னும் வெகு நேரம் இருந்தபோது புறப்பட்டோம். கம்பம் தாண்டியதும் முதுகில் கனமாக ஏதோ சாய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். தூங்கியிருந்தாள். என் வண்டியில் உட்கார்ந்து அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. பிள்ளை பெற்றவளைப் பார்த்துவிட்டு வருகிற அலுப்பிலும், இத்தனை மாதம் என் தோளுக்கு மேலே எட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். விளக்கில் ஏதோ கோளாறு என்று நான் சொன்னதை நம்பி, அந்த வெளிச்சத்துக்கும் சேர்த்து அவள் விழித்திருந்திருக்கிறாள். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

அவள் கை இரண்டையும் என் இடுப்பைச் சுற்றி இழுத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். வேகத்தைக் குறைத்தேன். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் விளக்கு மங்கிவிடும், அந்தக் காலத்து வண்டிகளின் குணம் அது. மங்கியது. அந்த மங்கலில் ரோட்டோரத்துப் புளியமரங்களும், அவற்றின் அடியில் வெள்ளையடித்த கற்களும், வாய்க்கால் தண்ணீரும் தனித்தனியாகத் தெரிந்தன. சின்னமனூர் வந்து சேரும் வரைக்கும் அவள் விழிக்கவில்லை.